64 வாக்குகளின் கணக்கு: ஜான் ஸ்வின்னியின் அமைச்சர் வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஜனவரி 28. எடின்பரோவில், ஹாலிரூட் எனப்படும் ஸ்காட்லாந்துப் பேரவையில் நிதி மசோதா மீது வாக்கெடுப்பு. ஆதரவு 64, எதிர்ப்பு 64. சமநிலை வந்தால் இருக்கும் நிலையை மாற்றாத பக்கமே சபாநாயகர் வாக்களிக்க வேண்டும் என்பது மரபு. சபாநாயகர் அலெக்ஸ் ஃபெர்குசன் அப்படியே செய்தார். சுமார் 3,300 கோடி பவுண்டு நிதிநிலை அறிக்கை ஒரே வாக்கில் விழுந்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் ஜான் ஸ்வின்னி. ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 4 அன்று, ஏறக்குறைய அதே அறிக்கை 123க்கு 2 என்ற கணக்கில் நிறைவேறியது.

அவர் 2007 மே முதல் 2023 மார்ச் வரை இடைவெளியே இல்லாமல் அமைச்சரவையில் இருந்தவர். நிதி, கல்வி, கொரோனா மீட்பு, மறுபடி நிதி எனத் துறைகள் மாறின. 2014 நவம்பர் முதல் துணை முதலமைச்சர் பதவியும் சேர்ந்தது. இந்த நீண்ட காலத்தை அந்த ஒரு வாரத்தை வைத்தே படித்துவிடலாம். வாக்குகளை எண்ணுவதிலும், எந்த வாக்குக்கு என்ன விலை என்று பேசுவதிலும் அவருக்கு நிகராக அந்தப் பேரவையில் அதிகம் பேர் இல்லை. ஆனால் எண்ணிக்கை கையைவிட்டுப் போகும்வரை பிடித்த பிடியை விடமாட்டார். போய்விட்டதென்று தெரிந்தால் பாதியில் நிற்காமல் முழுதாகப் பின்வாங்குவார். நிதித் துறையில் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய விலை கொடுக்க நேரவில்லை. கல்வித் துறையில் நேர்ந்தது.

ஒரு சொல் விளக்கம். ஸ்காட்லாந்தில் மூத்த அமைச்சர்களின் பதவிப் பெயர் ‘கேபினட் செக்ரட்டரி’. டெல்லிச் செய்திகளில் அதே பெயர் தலைமை அதிகாரி ஒருவரைக் குறிக்கும். இங்கே அது தேர்தலில் வென்று வந்த அமைச்சர்தான்.

தோற்ற தலைவர்

1964இல் எடின்பரோவில் பிறந்தவர். 15 வயதில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியில் சேர்ந்தவர். 22 வயதில் அதன் தேசியச் செயலாளர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, 1997இல் வடக்கு டேசைட் தொகுதியிலிருந்து லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கும், 1999இல் புதிதாகப் பிறந்த ஸ்காட்டிஷ் பேரவைக்கும் போனார். 2000 செப்டம்பரில் அலெக்ஸ் சாமண்ட் விலகியபோது கட்சித் தலைவரானார்.

தலைவராக அவர் தோல்வி கண்டவர் என்பதில் விவாதமில்லை. 2003 தேர்தலில் கட்சியின் இடங்கள் 35இலிருந்து 27ஆகக் குறைந்தன. அந்த ஆண்டே ஒருவர் எதிர்த்துப் போட்டியிட, 577க்கு 111 என்று வென்றும் மதிப்பு திரும்பவில்லை. 2004 ஐரோப்பியத் தேர்தலில் வாக்கு விகிதம் 20 சதவீதத்துக்குக் கீழே போனதும் பதவி விலகினார். ஆனால் போகுமுன் ஒரு காரியம் செய்து முடித்திருந்தார். கிளைப் பிரதிநிதிகள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்த முறையை மாற்றி, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்றாக்கினார். அவரால் தேடித்தர முடியாத வெற்றியை, அவர் சீர்படுத்திக் கொடுத்த கட்சி 2007 தேர்தலில் பெற்றது.

சிறுபான்மை அரசு நிதி மசோதாவை நிறைவேற்றும் விதம்

2007 மே: மொத்தம் 129 இடங்கள். தேசியக் கட்சி 47, தொழிற்கட்சி 46, கன்சர்வேடிவ் 17, லிபரல் டெமாக்ரட் 16, பசுமைக் கட்சி 2, சுயேச்சை மார்கோ மெக்டொனால்டு ஒருவர். சபாநாயகர் கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து வந்ததால் வாக்களிப்போர் 128 பேர். 47உடன் கன்சர்வேடிவ் 16ஐயும் மார்கோவையும் சேர்த்தால் 64. மீதிப் பேர் எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் அதுவும் 64. இந்த ஊசிமுனையில்தான் நான்கு ஆண்டுகள் அரசு நின்றது.

நிதி மசோதாவில் ஒரு விதி முக்கியம்: அதற்குத் திருத்தம் கொண்டுவர அமைச்சருக்கு மட்டுமே உரிமை. எதிர்க்கட்சி ஓர் எழுத்தைக்கூட நேரடியாக மாற்ற முடியாது. மொத்தமாக ஏற்கலாம், அல்லது மொத்தமாக வீழ்த்தலாம். ஆகவே பேரம் எல்லாம் இறுதி வாக்கெடுப்புக்கு முன்பே, அமைச்சரின் அறையில் முடிந்தாக வேண்டும். மசோதா விழுந்தாலும் கஜானா உடனே மூடிவிடாது. 2000ஆம் ஆண்டின் பொது நிதிச் சட்டப்படி, புதிய ஆண்டில் முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டை அடிப்படையாக வைத்து மாதாமாதம் செலவு செய்துகொள்ளலாம். சம்பளம் நிற்காது, ஆனால் புதிய திட்டம் எதுவும் தொடங்க முடியாது. இரு தரப்பையும் மேசைக்குத் திரும்ப வைப்பது இந்த இடைநிலைதான்.

2008இல் கணக்குச் சரியாக வந்தது. கன்சர்வேடிவ் கட்சி கூடுதல் காவலர்களையும், சிறு வணிகர்களுக்கான சொத்துவரிச் சலுகை விரைவில் வருவதையும் விலையாகக் கேட்டது, ஸ்வின்னி கொடுத்தார். ஆதரவு 64, எதிர்ப்பு 1, நடுநிலை 60. எதிர்ப்பவர்கள் நடுநிலை வகித்ததால் கிடைத்த வெற்றி அது.

மறு ஆண்டும் அப்படியே போகும் என்று நினைத்ததுதான் பிழை. பசுமைக் கட்சியின் இருவரும் வீடுகளுக்கு வெப்பக்காப்பு செய்து தரும் திட்டத்துக்கு ஆண்டுக்கு 10 கோடி பவுண்டு கேட்டார்கள். ஸ்வின்னி தர முன்வந்தது 3.3 கோடி. பேச்சு வாக்கெடுப்பு நாள்வரை இழுத்தது. அந்த இருவரும் ‘இல்லை’ பக்கம் போனதும் 64க்கு 64.

அடுத்த ஏழு நாட்களில் அவர் செய்தது பாடமாக வைக்கத் தக்கது. தம்மை வீழ்த்திய இருவரை மறுபடி தேடிப் போகவில்லை. நேராகப் பெரிய கட்சிகளிடம் போனார். தொழிற்கட்சிக்கு 7,800 தொழிற்பயிற்சி இடங்கள். லிபரல் டெமாக்ரட்டுகளுக்குப் பணமே இல்லை. ஸ்காட்லாந்துக்குக் கடன் வாங்கும் அதிகாரம் வேண்டும் என்று, பேரவையின் அதிகாரங்களை ஆராய்ந்துகொண்டிருந்த கால்மன் ஆணையத்துக்குக் கருத்து அனுப்பும் உறுதி மட்டும். தேர்தல் வரும் என்று, கட்சித் தலைமைக்குத் திரும்பி முதலமைச்சராகியிருந்த சாமண்ட் விடுத்த மிரட்டலும் வேலை செய்தது. 123க்கு 2. எதிர்த்த இரண்டும் பசுமைக் கட்சியின் வாக்குகள். இருவரின் வாக்கை வாங்குவதைவிட அறுபதுபேரின் வாக்கை வாங்குவது சில சமயம் மலிவு.

வீட்டு வரி உறைவு: கையெழுத்திடுவது எளிது, வெளியேறுவது கடினம்

2007 நவம்பரில் 32 உள்ளாட்சி மன்றங்களின் கூட்டமைப்பான கோஸ்லாவுடன் ஸ்வின்னி ஓர் உடன்பாடு செய்தார். மன்றங்கள் வீட்டு வரியை உயர்த்தக் கூடாது. பதிலுக்கு அரசு ஆண்டுக்கு 7 கோடி பவுண்டு ஈடு தரும். ‘இந்தப் பணம் இந்த வேலைக்கு மட்டும்’ என்று கட்டிப்போட்ட ஒதுக்கீடுகளின் பெரும்பகுதியும் அவிழ்க்கப்படும். செலவைப் பார்க்காமல் விளைவைப் பார்ப்போம் என்று 15 தேசிய விளைவுகளும் 45 குறியீடுகளும் கொண்ட ஒரு சட்டகமும் அதே ஆண்டில் வந்தது.

உறைவு ஒரு தற்காலிக ஏற்பாடாகத்தான் இருந்திருக்க வேண்டும். வீட்டு வரியையே ஒழித்து உள்ளூர் வருமான வரி கொண்டுவருவதுதான் கட்சியின் வாக்குறுதி. 2009 பிப்ரவரியில், பேரவையில் பெரும்பான்மை இல்லை என்று சொல்லி அதைக் கைவிட்டார்கள். தற்காலிக ஏற்பாடு மட்டும் தங்கிவிட்டது: 2008-09 முதல் ஒன்பது நிதியாண்டுகள். வீடுகளை மதிப்புப்படி பிரித்த பட்டியலில் நடுத்தரமான டி பிரிவு வீட்டின் சராசரி வரி 1,149 பவுண்டில் அப்படியே நின்றது. வரி உறைந்தால் பெரிய வீட்டுக்காரருக்குத் தொகையாக அதிக மிச்சம். மிகக் குறைந்த வருமானத்தால் ஏற்கெனவே வரிவிலக்கு பெற்றவருக்கு மிச்சமே இல்லை. மன்றங்களோ தங்கள் கையிலிருந்த ஒரே பெரிய வரியை உயர்த்தும் பழக்கத்தையே மறந்தன. தேர்தல் நேரத்தில் இனித்ததால் யாரும் இதை எடுத்துப் போட விரும்பவில்லை என்பதே என் கணிப்பு.

சொல்லாமல் விட்ட வரி

1997 பொது வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்கள் இரண்டு கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றார்கள். இரண்டாவது, வருமான வரியின் அடிப்படை விகிதத்தைப் பவுண்டுக்கு 3 பென்ஸ்வரை ஏற்றவோ இறக்கவோ பேரவைக்கு அதிகாரம் தருவது. ஒருமுறைகூட யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. 2010 நவம்பரில் தெரியவந்தது: அதைத் தயார் நிலையில் வைத்திருக்க பிரிட்டிஷ் வருவாய்த் துறைக்குத் தர வேண்டிய ஆண்டுக்கு 50,000 பவுண்டு 2007 முதல் கட்டப்படவில்லை. கணினி முறையைப் புதுப்பிக்கத் துறை கேட்ட 70 லட்சம் பவுண்டையும் அரசு தரவில்லை. நினைத்தாலும் அந்த வரியைப் போட முடியாத நிலை.

பயன்படாத வரிக்கு 70 லட்சம் எதற்கு என்று கேட்டால் நியாயம் உண்டு. குற்றம் பணத்தில் இல்லை. மக்கள் வாக்கெடுப்பில் தந்த அதிகாரம் செயலிழந்ததைப் பேரவைக்குச் சொல்லவே இல்லை. அதுவும் லண்டன் அமைச்சர் எழுதிய கடிதம் வழியாகத்தான் வெளியே வந்தது. ஸ்வின்னி அவையில் மன்னிப்புக் கேட்டார்.

வீடு வாங்கும் வரி: மூன்றரை மாதத்தில் இரண்டு அட்டவணை

2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முத்திரைத்தாள் வரி 2015 ஏப்ரல் 1 முதல் ஸ்காட்லாந்தின் கைக்கு வந்தது. பழைய பிரிட்டிஷ் முறையில் ஒரு பெரிய கோளாறு: விலை ஒரு வரம்பைத் தாண்டினால் உயர்ந்த விகிதம் முழு விலைக்கும் பொருந்தும். 2,50,000 பவுண்டு வீட்டுக்கு 1 சதவீதம், அதாவது 2,500. ஒரு பவுண்டு கூடினால் 3 சதவீதம், 7,500. அதனால் 2,50,000க்கும் 2,60,000க்கும் நடுவில் வீடு விற்பவர்கள் விலையை வரம்புக்குக் கீழே இறக்கித்தான் முடிக்க வேண்டியிருந்தது.

ஸ்வின்னியின் முறையில் வரம்புக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டுமே அந்த விகிதம். கட்டும் சக்திக்கு ஏற்ற வரி, நிச்சயம், வசதி, திறன் என்று ஆடம் ஸ்மித் சொன்ன நான்கு இலக்கணங்களை எடுத்து முன்வைத்தார். ஸ்மித்தும் ஸ்காட்லாந்துக்காரர், அந்த வாய்ப்பை எந்த நிதியமைச்சரும் விடமாட்டார்.

2014 அக்டோபரில் அவர் அறிவித்தது: 1,35,000 வரை வரியில்லை, 2,50,000 வரை 2 சதவீதம், 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12. இரண்டிலிருந்து பத்துக்கு ஒரே தாவல். டிசம்பர் 3 அன்று பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதே பகுதிவாரி முறையை, இன்னும் மென்மையான விகிதங்களில், மறுநாளே நடைமுறைக்கு வரும்படி அறிவித்துவிட்டார்.

4,00,000 பவுண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் வரி 12,000. ஆஸ்போர்னின் புதிய முறையில் 10,000. ஸ்வின்னியின் அக்டோபர் அட்டவணையில் 1,15,000க்கு 2 சதவீதம் 2,300, மீதி 1,50,000க்கு 10 சதவீதம் 15,000, ஆக 17,300. எடின்பரோவிலும் அபர்டீனிலும் குடும்பம் வாழும் அளவு வீடுகள் இந்த விலையில்தான் இருந்தன.

2015 ஜனவரி 21இல் அட்டவணை மாறியது: 1,45,000 வரை வரியில்லை, 2,50,000 வரை 2, 3,25,000 வரை 5, 7,50,000 வரை 10, அதற்கு மேல் 12 சதவீதம். அதே வீட்டுக்கு இப்போது 2,100 + 3,750 + 7,500 = 13,350. லண்டன் கணக்கைவிட அதிகம்தான், ஆனால் 7,300இலிருந்து 3,350 பவுண்டுக்கு வித்தியாசம் இறங்கியது. 1,40,000 பவுண்டு வீடு வாங்குபவருக்குப் பழைய முறையில் 1,400, இப்போது ஒன்றுமில்லை. அதிக விலை வீடு வாங்குவோர் ஏப்ரலுக்கு முன்பே பத்திரத்தை முடிக்க ஓடினார்கள். விகிதத்தை முன்கூட்டியே சொல்லும் எந்த வரிக்கும் இந்த ஓட்டம் உண்டு. நடுவில் 5 சதவீதப் படி வேண்டும் என்பது அக்டோபரிலேயே தெரியாத விஷயம் அல்ல. எதிராளி நகரும்வரை காத்திருந்தார்.

2016 நிதிச் சட்டகம்

அவர் விட்டுச்சென்றவற்றில் நீடித்து நிற்பது லண்டனுடன் செய்த இந்த நிதி உடன்பாடுதான். வருமான வரி ஸ்காட்லாந்துக்கு வந்தால் லண்டன் தரும் மொத்த மானியத்தில் அதற்குச் சமமான தொகை கழியும். முதல் ஆண்டில் கழிப்பது எளிது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தக் கழிவு எந்த வேகத்தில் வளர வேண்டும்?

ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை பிரிட்டனின் மற்றப் பகுதிகளைவிட மெதுவாக வளர்கிறது. லண்டன் கருவூலத்துறை சொன்ன முறையில், தலைக்கு வரி வருவாய் இரு பக்கமும் ஒரே வேகத்தில் உயர்ந்தாலும் ஸ்காட்லாந்துக்கு ஆண்டுதோறும் இழப்பு. பத்தாண்டில் 700 கோடி பவுண்டு போகும் என்றது எடின்பரோ. தலைக்கு வருவாய் வளர்ச்சியை மட்டும் ஒப்பிடுங்கள், மக்கள்தொகை வித்தியாசத்தை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்பது ஸ்வின்னியின் வாதம். கருவூலத்துறையின் கிரெக் ஹேண்ட்ஸுடன் மாதக்கணக்கில் பேசி, 2016 பிப்ரவரி 23இல் முடிந்தது. கணக்கைக் கருவூலத்துறை முறையில் போட்டாலும், 2021-22 வரை விடை தலைக்கணக்கு முறையில் வருவதுபோல் சரிசெய்யப்படும். இருவருமே வென்றதாகச் சொல்லிக்கொள்ளலாம். பணம் ஸ்வின்னி பக்கம். 2023 ஆகஸ்டில் அந்த முறையே நிரந்தரமானது.

சட்டகத்தின் இன்னொரு பக்கத்தை அப்போது யாரும் அதிகம் பார்க்கவில்லை. மூலதனக் கடன் மொத்தம் 300 கோடி, ஆண்டுக்கு 45 கோடி. அன்றாடச் செலவுக்கான கடன் ஆண்டுக்கு 60 கோடி வரை. ஆனால் மதிப்பீட்டுப் பிழை, பணப்புழக்கம் போன்ற காரணங்களுக்கு மட்டும். சம்பள உயர்வுக்குக் கடன் வாங்க முடியாது. இந்த விதி ஆறு ஆண்டுகள் கழித்து எழுதியவரையே கடித்தது.

கல்வித் துறை

2016 மேயில் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அவரைக் கல்விக்கு மாற்றினார். ஏழை மாணவருக்கும் வசதியானவருக்கும் உள்ள மதிப்பெண் இடைவெளியைக் குறைப்பதே வேலை. இலவச உணவுக்குத் தகுதியான பிள்ளைக்கு 1,200 பவுண்டு வீதம், ஆண்டுக்கு 12 கோடி பவுண்டு, உள்ளாட்சி மன்றத்தைத் தாண்டி நேரே தலைமை ஆசிரியர் கைக்குப் போனது. மற்றவை பலவும் கைவிடப்பட்டன. தலைமை ஆசிரியர் அதிகாரங்களுக்கான மசோதாவை 2018இல் ஒதுக்கிவைத்தார். முதல் வகுப்புத் தேர்வுகளை நிறுத்தச் சொல்லிப் பேரவை 63க்கு 61 என்று வாக்களித்தபோது, ஓர் ஆய்வை நியமித்துவிட்டுத் தேர்வைத் தொடர்ந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அரசுப் பொறுப்பாளர் என்ற திட்டத்தின் தகவல் பகிர்வு விதிகளை 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதைக் கைவிட 2019 செப்டம்பர் வரை எடுத்துக்கொண்டார்.

பிறகு 2020. மார்ச் 19 அன்று, 1888 முதல் தடைப்படாத தேர்வுகளை ரத்து செய்தார். மாற்று முறை இது: ஒவ்வொரு மாணவருக்கும் ஆசிரியர் ஒரு மதிப்பீடு தருவார், பள்ளிக்குள் தரவரிசையும் தருவார், தகுதித் தேர்வு ஆணையமான எஸ்.க்யூ.ஏ. அவற்றைப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகளோடு ஒப்பிட்டு, மீறியவற்றை இறக்கும். முறையின் முழு விவரத்தை முடிவு நாளுக்கு முன் வெளியிடச் சொல்லிப் பேரவைக் குழு கேட்டும் ஆணையம் வெளியிடவில்லை.

ஆகஸ்ட் 4 அன்று ஏறத்தாழ 1,25,000 மதிப்பீடுகள் இறங்கியிருந்தன. பல்கலைக்கழகம் சேர வழியாகும் ‘ஹையர்’ தேர்வில் மிகப் பின்தங்கிய பகுதி மாணவர்களின் தேர்ச்சி ஆசிரியர் கணிப்பிலிருந்து 15.2 புள்ளி குறைந்தது. மிக வசதியான பகுதியில் 6.9 புள்ளி. காரணம் சூத்திரத்திலேயே இருந்தது. பள்ளியின் பழைய சாதனைதான் அளவுகோல் என்றால், பழைய சாதனை குறைவான பள்ளியில் இந்த ஆண்டு நன்றாகப் படித்த பிள்ளைக்கு மேலே ஏற வழியே இல்லை. இடைவெளியைக் குறைக்க வந்த அமைச்சர், அந்த இடைவெளியையே அளவுகோலாக வைத்த முறைக்கு வாதாடிக்கொண்டிருந்தார். ஆசிரியர் கணிப்பை அப்படியே ஏற்றால் 2019இன் 74.8 சதவீதத் தேர்ச்சி 89 சதவீதத்தை நெருங்கும், சான்றிதழை யார் நம்புவார் என்பது அவரது வாதம். எண்ணாகப் பார்த்தால் தவறில்லை. கிளாஸ்கோ ஜார்ஜ் சதுக்கத்தில் பதாகை பிடித்து நின்ற பிள்ளைகளுக்கு அது பதிலாகவில்லை.

ஏழே நாளில் முழுப் பின்வாங்கல். ஆகஸ்ட் 11: இறக்கப்பட்ட அனைத்தும் ரத்து, ஆசிரியர் மதிப்பீடே இறுதி. உயர்த்தப்பட்டவை உயர்ந்தபடியே இருக்கும். பசுமைக் கட்சி அதை ஏற்றதால், 13ஆம் தேதி நம்பிக்கையில்லாத் தீர்மானம் 58க்கு 67 என்று தோற்றது. இங்கிலாந்தில் அதே சிக்கல் அதே நாளில்தான் வெடித்தது. அங்கே 17ஆம் தேதி பின்வாங்கினார்கள்.

2021 மார்ச்சில் மறுபடி ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம். சாமண்ட் மீதான புகார்களை அரசு கையாண்ட விதம் சட்டவிரோதமென்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கில், அரசு பெற்ற சட்ட ஆலோசனையை வெளியிடச் சொல்லிப் பேரவை இருமுறை வாக்களித்தும் ஸ்வின்னி தரவில்லை. தீர்மானம் வரும் என்றானதும் வெளியிட்டார். 57க்கு 65. இம்முறையும் காப்பாற்றியது பசுமைக் கட்சி.

திரும்பி வந்த கணக்கு

2022 கோடையில், நிதியமைச்சர் கேட் ஃபோர்ப்ஸ் மகப்பேறு விடுப்பில் போக, நிதி மறுபடி அவரிடம். பணவீக்கம் 10 சதவீதத்தைத் தாண்டியது; ஊழியர் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில். வருமான வரியை நிதியாண்டின் நடுவில் மாற்ற முடியாது. சம்பளத்துக்குக் கடன் வாங்க 2016 சட்டகம் இடம் தராது. மிச்சம் வெட்டுதான். செப்டம்பரில் 50 கோடி, நவம்பர் 2இல் 61.5 கோடி பவுண்டு பிற செலவுகளிலிருந்து எடுக்கப்பட்டது. டிசம்பரில், அடுத்த நிதியாண்டுக்கான வருமான வரியில் மேல்நிலை விகிதம் 41இலிருந்து 42 ஆகவும், உச்ச விகிதம் 46இலிருந்து 47 ஆகவும் உயர்ந்தன; உச்ச விகிதம் தொடங்கும் வருமானம் 1,25,140க்கு இறங்கியது.

2023 மார்ச்சில் ஸ்டர்ஜனோடு அவரும் வெளியேறிப் பின்வரிசையில் உட்கார்ந்தார். 13 மாதங்களில், அடுத்து முதலமைச்சரான ஹம்சா யூசுப் பசுமைக் கட்சியுடனான உடன்பாட்டை முறித்து, பெரும்பான்மை இழந்து விலகினார். 2024 மே 7 அன்று பேரவை ஸ்வின்னியை முதலமைச்சராகத் தேர்ந்தெடுத்தது. கிடைத்த வாக்குகள் 64. பசுமைக் கட்சியின் ஏழு பேர் நடுநிலை. 2025 பிப்ரவரியில் அவரது அரசின் முதல் நிதி மசோதா வாக்கெடுப்புக்கு வருமுன் பேரம் முடிந்திருந்தது. லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு எடின்பரோ கண் மருத்துவமனைக்கான பணம், பசுமைக் கட்சிக்கு ஒரு வட்டாரத்தில் 2 பவுண்டு உச்சவரம்புப் பேருந்துக் கட்டணச் சோதனை. தொழிற்கட்சி ஜனவரியிலேயே நடுநிலை என்று சொல்லிவிட்டது. கடைசி நாள் பதற்றம் எதுவும் இல்லாமல் மசோதா நிறைவேறியது.